எண்களிலிருந்து ஓர் உலகம்: புறக்கோளை ஆதாரத்தோடு கற்பனை செய்ய முழுமையான வழிகாட்டி

2017 பிப்ரவரியில் டிராப்பிஸ்ட்-1 என்ற விண்மீனைச் சுற்றி ஏழு கோள்கள் இருப்பதாக அறிவிப்பு வந்தது. கூடவே பனி, கடல், செம்பாறை என்று அழகான படங்களும் வந்து உலகம் முழுக்கச் சுற்றின. அந்தப் படங்களை உருவாக்கியவர்கள் ராபர்ட் ஹர்ட், டிம் பைல் என்ற இருவர். தொலைநோக்கிக்குத் தெரிந்தது என்னவோ ஒற்றை ஒளிப்புள்ளி அவ்வப்போது துளி மங்கி, மறுபடி பழைய நிலைக்கு வருவது மட்டும்தான். மீதி எல்லாம் அந்த மங்கலை வைத்துப் போட்ட கணக்கும், கணக்கை ஒட்டி எழுந்த கற்பனையும்.

இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கற்பனை இல்லாவிட்டால் புறக்கோள், அதாவது சூரியனை அல்லாமல் வேறொரு விண்மீனைச் சுற்றும் கோள், வெறும் அட்டவணை வரி. ஆனால் எது அளந்தது, எது வரைந்தது என்று வரைந்தவருக்குத் தெரிந்திருந்தது. படத்தைப் பகிர்ந்தவர்களில் பலருக்குத் தெரியவில்லை. கதை எழுதுகிறவர்கள், படம் வரைகிறவர்கள், வகுப்பில் பாடம் நடத்துகிறவர்கள், அறிவியல் பதிவு போடுகிறவர்கள் எல்லோருக்கும் இந்த வேறுபாட்டைக் கைவிடாமல் ஓர் உலகத்தைக் கட்டும் முறையைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன். எடுத்துக்காட்டுக்கு ஒரே கோள்: டிராப்பிஸ்ட்-1இ. இனி சுருக்கமாக ‘இ கோள்’ (ஆங்கில e; அதன் அண்டைக் கோள்களுக்கும் இப்படி பி, சி, டி, எஃப் என்று எழுத்துப் பெயர்களே). கால்குலேட்டர் ஒன்று பக்கத்தில் இருந்தால் போதும்.

படி 1: என்ன அளந்திருக்கிறார்கள் என்று பார்த்துக் கோளைத் தேர்ந்தெடுங்கள்

பெயர் பிடித்திருக்கிறது, பக்கத்தில் இருக்கிறது என்பதற்காக ஒரு கோளை எடுக்காதீர்கள். உறுதி செய்யப்பட்ட புறக்கோள்களின் எண்ணிக்கை 2025 செப்டம்பரில் 6,000ஐத் தாண்டிவிட்டது. அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு ஒன்று ஆரம் தெரியும், அல்லது நிறை தெரியும். இரண்டும் நன்றாகத் தெரிந்தவை கொஞ்சம்தான்.

காரணம், கண்டுபிடிக்கும் முறையிலேயே இருக்கிறது. கோள் தன் விண்மீனின் முகத்தைக் கடக்கும்போது ஒளி எவ்வளவு குறைகிறது என்று பார்ப்பது கடப்பு முறை. அதில் ஆரம் கிடைக்கும். கோள் இழுப்பதால் விண்மீன் ஆடும் ஆட்டத்தை நிறமாலையில் (நிறம் நிறமாகப் பிரித்த ஒளியில்) பிடிப்பது ஆரத் திசைவேக முறை. அதில் நிறை கிடைக்கும், அதுவும் குறைந்தபட்ச நிறைதான். நமக்கு மிக அருகில், 4.24 ஒளியாண்டு தொலைவில் இருக்கும் புரொக்சிமா பி இந்த இரண்டாவது வகை. 2016இல் கண்டுபிடித்தார்கள். சுற்றுக்காலம் 11.2 நாள், குறைந்தபட்ச நிறை கிட்டத்தட்ட பூமியளவு. அது விண்மீனைக் கடப்பதைப் பார்க்க முடியவில்லை என்பதால் ஆரம் தெரியாது; ஆரம் தெரியாமல் அடர்த்தி இல்லை; அடர்த்தி இல்லாமல் பாறையா, தண்ணீரா, வாயுவா என்ற கேள்விக்கே பதில் இல்லை. அங்கே நடக்கும் கதை எழுதலாம்தான். ஆனால் தரையிலிருந்தே புனைய வேண்டியிருக்கும்.

டிராப்பிஸ்ட்-1 வேறு மாதிரி. கும்ப விண்மீன் கூட்டத்தின் திசையில், சுமார் 40 ஒளியாண்டு தொலைவில் இருக்கும் சிவப்புக் குறுமீன், அதாவது சூரியனைவிடச் சிறிய, மங்கலான, குளிர்ந்த விண்மீன் அது. வானியலாளர் மிஷெல் கியோனின் குழு சிலியில் உள்ள லா சில்லாவில் 60 சென்டிமீட்டர் தொலைநோக்கியை வைத்து 2016இல் முதல் கோள்களைக் கண்டது. பிறகு ஸ்பிட்சர் விண்வெளித் தொலைநோக்கி கிட்டத்தட்ட இருபது நாள் தொடர்ந்து அதையே பார்த்தது. ஏழு கோள்களும் கடக்கின்றன. கூடவே ஒன்றை ஒன்று இழுப்பதால் கடப்பு நேரங்கள் சற்று முன்பின் ஆகின்றன. அந்த முன்பின்னிலிருந்தே நிறைகளையும் கணக்கிட்டுவிட்டார்கள். ஆரம், நிறை இரண்டும் இவ்வளவு துல்லியமாகக் கிடைத்த சிறு கோள்கள் அபூர்வம்.

படி 2: எண்களைப் பிழை எல்லையோடு எடுங்கள்

நாசாவின் எக்ஸோபிளானட் ஆர்க்கைவ் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. கோளின் பெயரைப் போட்டால் பக்கம் வரும். ஒரே கோளுக்குப் பல ஆய்வுக் கட்டுரைகளின் எண்கள் வரிசையாக இருக்கும். ஒரு கட்டுரையைத் தேர்ந்தெடுத்து எல்லா எண்களையும் அதிலிருந்தே எடுங்கள். ஒன்றிலிருந்து நிறை, இன்னொன்றிலிருந்து ஆரம் என்று கலந்தால் அடர்த்தி தப்பாகிவிடும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது, பலர் விழுகிறார்கள். அந்தத் தளத்தில் ‘கூட்டு’ அட்டவணை ஒன்று உண்டு. நிறையோ ஆரமோ அளக்கப்படாத கோள்களுக்கு, பொதுவான நிறை-ஆரத் தொடர்பை வைத்துக் கணித்த எண்ணை அது போட்டு நிரப்பும். பார்வைக்கு அளந்த எண் போலவே இருக்கும். பிழை எல்லை இருக்கிறதா, எந்தக் கட்டுரை என்று குறிப்பு இருக்கிறதா என்று பார்க்காமல் எந்த எண்ணையும் எழுதிக்கொள்ளாதீர்கள்.

இ கோளுக்கு 2021இல் வெளியான விரிவான ஆய்வின் எண்கள் இவை. ஆரம் பூமியைப் போல் 0.920 மடங்கு, முன்பின் 0.013. நிறை 0.692 மடங்கு, முன்பின் 0.022. சுற்றுக்காலம் 6.10 நாள். விண்மீனிலிருந்து தூரம் 0.0293 வானியல் அலகு (பூமிக்கும் சூரியனுக்கும் இடையே உள்ள சராசரித் தூரம் ஒரு வானியல் அலகு), அதாவது சுமார் 44 லட்சம் கிலோமீட்டர். விண்மீனுக்கு: நிறை சூரியனில் 0.0898 பங்கு, ஆரம் 0.119 பங்கு, மேற்பரப்பு வெப்பநிலை 2,566 கெல்வின், ஒளிர்வு, அதாவது மொத்தமாக வீசும் ஆற்றல், 0.000553 பங்கு. அவ்வளவுதான். கீழே வருவதெல்லாம் இந்தச் சில எண்களிலிருந்து பிறப்பவை.

படி 3: நான்கு அடையாளங்கள்

ஒரு தாளில், அல்லது எக்செலில், மேலிருந்து கீழாக நான்கு பத்தி (நெடுவரிசை) போடுங்கள்: அளவு, கணக்கு, ஊகம், புனைவு. உலகத்தைப் பற்றிய எந்த விவரமும் இந்த நான்கில் ஒன்றில் உட்கார வேண்டும். தொலைநோக்கித் தரவிலிருந்து நேராக வந்தது அளவு. அளந்த எண்ணில் இயற்பியல் சூத்திரம் போட்டு வந்தது கணக்கு. இயற்பியல் ஒப்புக்கொள்கிறது, ஆனால் யாரும் சரிபார்க்கவில்லை என்றால் ஊகம். நீங்களாகச் சேர்த்தது புனைவு.

பழகிப் பார்க்க ஒரு நல்ல கோள் எச்டி 189733 பி. ‘நீலக் கோள், மணிக்கு 8,700 கிலோமீட்டர் காற்று, பக்கவாட்டில் கண்ணாடி மழை’ என்று அடிக்கடி கண்ணில் படும். நீலம், 2013இல் ஹபிள் தொலைநோக்கி ஒளியைப் பிரித்துப் பார்த்துச் சொன்னது, அளவு. காற்றின் வேகமும் 2015இல் நிறமாலைக் கோட்டின் விலகலிலிருந்து எடுத்தது. அளவு என்றே போடலாம். கண்ணாடி மழை? மேகத்தில் சிலிக்கேட் துகள் இருந்தால், அந்தச் சூட்டில் அது உருகினால், அந்தக் காற்று அடித்தால் என்று கோத்த ஊகம். ஒரே வாக்கியத்தில் மூன்றும் ஒரே குரலில் வருவதுதான் சிக்கல்.

அடையாளம் போடும்போது சந்தேகம் வந்தால் ஒரு படி கீழே இறக்குங்கள். ‘கணக்கா ஊகமா’ என்று தயங்கினால் ஊகம்.

படி 4: தரையில் நில்லுங்கள்

முதலில் ஈர்ப்பு. நிறையை ஆரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் போதும்: 0.692 ÷ (0.920 × 0.920) = 0.82. பூமியில் 60 கிலோ காட்டும் எடைக்கருவி அங்கே 49 காட்டும். பத்து மீட்டர் உயரத்திலிருந்து விழும் கல் பூமியில் 1.43 நொடி எடுக்கும், அங்கே 1.58 நொடி. கதையில் இதை எழுதினால் யாரும் கவனிக்காத அளவு சின்ன வித்தியாசம். ஆகவே நாயகன் மலைக்கு மலை தாவ முடியாது. ‘சிறிய கோள்’ என்று கேட்டதும் நிலவில் குதிப்பது போல எழுதுவது பலருக்கும் வழக்கம். இந்த ஒரு வகுத்தல் அதைத் தடுத்துவிடும்.

அடர்த்தி பூமியைப் போல் 0.89 மடங்கு, ஒரு கன சென்டிமீட்டருக்கு 4.9 கிராம் அளவு. பாறைக் கோள் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் பூமியின் கலவையிலேயே செய்திருந்தால் வர வேண்டியதைவிடக் கொஞ்சம் லேசு. ஏழு கோள்களுமே இப்படித்தான், எல்லாம் ஒரே கலவை போல ஒரே கோட்டில் விழுகின்றன. விளக்கங்கள் மூன்று: இரும்பு குறைவு, அல்லது இரும்பு ஆக்சிஜனோடு கலந்து பாறையெங்கும் பரவி, தனியாக உள்ளகமே இல்லை, அல்லது மேலே தண்ணீர். இதில் எது என்று முடிவாகவில்லை. உங்கள் கதைக்குக் காந்தப்புலம் வேண்டுமா? அதற்கு இரும்பு உள்ளகம் தேவை, அப்படியானால் இரண்டாவது விளக்கம் உங்களுக்கு இடைஞ்சல். முதலாவதை எடுத்துக்கொண்டு ‘ஊகம்’ பத்தியில் எழுதி வையுங்கள்.

படி 5: வெப்பமும் வெளிச்சமும்

ஒளிர்வைத் தூரத்தின் வர்க்கத்தால் வகுங்கள்: 0.000553 ÷ (0.02925 × 0.02925) = 0.646. பூமிக்கு வரும் ஆற்றலில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு. எதையும் எதிரொளிக்காத ஓர் உருண்டை பூமியின் இடத்தில் 279 கெல்வினில் இருக்கும். அதை 0.646இன் நான்காம் மூலமான 0.896ஆல் பெருக்கினால் 250 கெல்வின், அதாவது மைனஸ் 23 டிகிரி செல்சியஸ்.

இந்த எண்ணைப் பார்த்ததும் ‘அங்கே வெப்பநிலை மைனஸ் 23’ என்று எழுதிவிடாதீர்கள். எழுதுகிறார்கள். இது வளிமண்டலம் இல்லை, எதிரொளிப்பு இல்லை, வெப்பம் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவுகிறது என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு. எதிரொளிப்பையும் சேர்த்து இதே வகைக் கணக்கைப் பூமிக்குப் போட்டால் மைனஸ் 18 வரும். பூமியின் உண்மையான சராசரி 15க்குப் பக்கம். நடுவில் இருக்கும் 33 டிகிரியும் நம் காற்றின் வேலை. இ கோளின் காற்று எப்படி என்று தெரியாதவரை அதன் உண்மையான வெப்பநிலையும் தெரியாது.

வெளிச்சம் இன்னும் சுவாரசியம். 2,566 கெல்வின் பொருள் பெரும்பாலும் அகச்சிவப்பில்தான் ஒளி வீசும், உச்சம் 1.13 மைக்ரானில். கண்ணுக்குத் தெரியும் பகுதி, வெப்பநிலையை மட்டும் வைத்துப் போடும் கரும்பொருள் கணக்கில், மொத்தத்தில் நூற்றில் நான்கு பங்குதான். சூரியனுக்கு இது நூற்றில் 37 பங்கு அளவு. ஆக, வெப்பம் பூமியில் மூன்றில் இரண்டு பங்கு இருந்தாலும் வெளிச்சம் சுமார் 7 சதவீதம். விண்மீனின் காற்றில் உள்ள மூலக்கூறுகள் சிவப்பையும் விழுங்குவதால் உண்மையில் இன்னும் குறையும். பூமியின் உச்சி வெயில் ஒரு லட்சம் லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) என்றால், இங்கே நடுப்பகலில் சில ஆயிரம் லக்ஸ். மேகம் மூடிய பகலின் வெளிச்சம். படிக்க, நடக்க, முகம் பார்க்கத் தாராளமாகப் போதும்.

நிறம்? ஓவியர்கள் இரத்தச் சிவப்பாகத் தீட்டுவார்கள். பழைய இழை பல்பின் இழை கிட்டத்தட்ட இதே 2,700 கெல்வினில்தான் எரியும், அதை யாரும் சிவப்பு விளக்கு என்று சொல்வதில்லை. மஞ்சள் கலந்த ஆரஞ்சு என்று வைத்துக்கொள்ளுங்கள். கண் கொஞ்ச நேரத்தில் பழகி வெள்ளைத் தாளை வெள்ளையாகவே காட்டும். நீலப் பொருள்கள்தான் மாட்டிக்கொள்ளும்: நீலம் பிரதிபலிக்க நீல ஒளி வேண்டுமே, அதனால் கருத்துத் தெரியும்.

படி 6: வானத்தைக் கட்டுங்கள்

எனக்கு மிகப் பிடித்த படி இது, ஏனென்றால் இங்கே புனைவே தேவைப்படாது. சாதாரண வடிவியல் தருவதே எந்தக் கற்பனையையும்விட விசித்திரமாக இருக்கிறது.

விண்மீனின் விட்டத்தைத் தூரத்தால் வகுத்தால் வானத்தில் அதன் அகலம் 2.2 டிகிரி. நம் சூரியன் அரை டிகிரி. அதாவது நான்கு சூரியனைப் பக்கம் பக்கமாக வைத்த அகலம்.

இவ்வளவு நெருக்கத்தில் சுற்றும் கோள் பெரும்பாலும் ஓதப்பூட்டில் இருக்கும்: நிலவு நமக்கு ஒரே முகம் காட்டுவது போல விண்மீனுக்கு ஒரே முகம். இது யாரும் அளந்ததல்ல, வலுவான ஊகம். ஏற்றுக்கொண்டால் உதயமும் அஸ்தமனமும் போய்விடும். ஒரு பக்கம் என்றும் பகல், மறுபக்கம் என்றும் இரவு, நடுவில் ஒரு விளிம்பு வளையம். விண்மீன் நீங்கள் நிற்கும் இடத்துக்கு ஏற்ற உயரத்தில் அசையாமல் நிற்கும். அசைவது மற்றக் கோள்கள்தான்.

வெளிப்பக்க அண்டைவீட்டார் எஃப் கோள். சுற்றுக்காலம் 9.21 நாள், தூரம் 0.0385 வானியல் அலகு. மிக அருகில் வரும்போது இரண்டுக்கும் இடையே சுமார் 14 லட்சம் கிலோமீட்டர். எஃப் கோளின் விட்டம் பூமியைவிடச் சற்றே பெரிது, எனவே வானத்தில் அதன் அகலம் 0.55 டிகிரி: நம் முழு நிலவுக்குச் சமம். உள்பக்க அண்டைவீட்டார் டி கோள். அதுவும் அருகில் வரும்போது 0.55 டிகிரிதான். அளவில் இரண்டும் ஒன்றாக அமைந்தது தற்செயல்.

ஆனால் இரண்டும் ஒரே மாதிரி தெரியாது, இங்கேதான் பெரும்பாலான படங்கள் சறுக்குகின்றன. எஃப் வெளியே சுற்றுவதால் அருகில் வரும்போது விண்மீனுக்கு நேர் எதிர்த்திசையில், முழு ஒளியோடு நிற்கும். இரவுப் பக்கத்தின் நடுவில் நிற்பவருக்கு அது உச்சியில். டி உள்ளே சுற்றுகிறது. விண்மீனை விட்டு 50 டிகிரிக்கு மேல் விலகவே விலகாது. ஆகவே இரவுப் பக்கத்தின் நடுவில் பிறந்து வளர்ந்தவர் டி கோளைப் பார்த்தே இருக்க மாட்டார். பகல் பக்கத்துக்காரருக்கோ அது மிக அருகில் வரும்போது கறுப்பு வட்டமாக விண்மீனின் முகத்தைக் கடக்கும். சுற்றுப்பாதைகள் ஏறக்குறைய ஒரே தளத்தில் இருப்பதால் இது நடந்தே தீரும். விண்மீன் விட்டத்தில் கால்வாசி அகலக் கறுப்புப் பொட்டு, சுமார் அரை மணி நேரத்தில் ஊர்ந்து கடந்துவிடும். ஒளி ஆறு சதவீதம் குறையும்.

எத்தனை நாளுக்கு ஒரு முறை? இரு சுற்றுக்காலங்களின் தலைகீழ்களைக் கழித்து மறுபடி தலைகீழாக்குங்கள். டி கோளுக்கு 12.0 நாள். எஃப் கோளுக்கு 18.1 நாள். இ கோளின் ஆண்டு 6.1 நாள் என்பதால் டி ஏறக்குறைய இரண்டு ஆண்டுக்கொரு முறை கடக்கிறது, எஃப் ஏறக்குறைய மூன்று ஆண்டுக்கொரு முறை முழுமை பெறுகிறது. பகலும் இரவும் மாறாத ஓர் உலகத்துக்கு நாட்காட்டி எங்கிருந்து வரும் என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். கோள்களே மாட்டி வைத்திருக்கின்றன. பகல் பக்கத்தார் டி கணக்கிலும் இரவுப் பக்கத்தார் எஃப் கணக்கிலும் நாள் பார்த்தால் இரு பக்கத்துக்கும் வழக்கு வருமா என்பது உங்கள் பாடு. (முப்பது வயதுக்காரர் அங்கே சுமார் 1,800 ஆண்டு கண்டவர். பிறந்தநாள் கொண்டாடி மாளாது.)

சூரியனும் அந்த வானத்தில் உண்டு. 40 ஒளியாண்டிலிருந்து அதன் பிரகாச எண் (எண் கூடக் கூட மங்கல்) சுமார் 5.3, இருட்டான இடத்தில் நல்ல கண்ணுக்கு எட்டும் மங்கலான புள்ளி. கும்பத்துக்கு நேர் எதிர்த்திசையில் இருப்பதால் சிம்மக் கூட்டத்தில் ஒரு விண்மீன் கூடுதலாகத் தெரியும். நமக்கு இங்கிருந்து டிராப்பிஸ்ட்-1 வெறும் கண்ணுக்குத் தெரியாது. இன்னொன்று: பூமி சூரியனைக் கடப்பதை அங்கிருந்து இப்போது பார்க்க முடியாது. 2021இல் வெளியான ஒரு கணக்கின்படி அந்தக் கோணம் அமைய இன்னும் 1,600 ஆண்டுக்கு மேல் ஆகும். ‘அவர்கள் கடப்பு முறையில் நம்மைக் கண்டுபிடித்துவிட்டார்கள்’ என்று கதை வைத்திருந்தால் வேறு வழி தேடுங்கள்.

படி 7: காற்று என்ற கிளைச்சாலை

இங்கே அளவுகள் கிட்டத்தட்ட முடிந்துவிடுகின்றன. ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி 2023இல் உள்ளே இருக்கும் பி கோளின் பகல் பக்கம் சுமார் 500 கெல்வின் என்று கண்டது. அது காற்றில்லாத வெறும் பாறைக்குப் பொருந்தும் வெப்பம். சி கோளில் வெள்ளிக் கோளில் இருப்பது போன்ற அடர்ந்த கரியமில வாயுப் போர்வை இல்லை என்றும் தெரிந்தது. இ கோளின் முதல் நான்கு கடப்புகளின் முடிவு 2025 செப்டம்பரில் வந்தது. பிறந்தபோது இருந்திருக்கக்கூடிய ஹைட்ரஜன் போர்வை இப்போது இல்லை. வெள்ளி போன்ற அடர்ந்த கரியமில வாயுவுக்கோ, செவ்வாய் போன்ற மெல்லிய கரியமில வாயுவுக்கோ வாய்ப்பு குறைவு. நைட்ரஜன் மிகுந்த காற்று இருக்கலாம். காற்றே இல்லாமலும் இருக்கலாம். விண்மீனின் மேற்பரப்புப் புள்ளிகளே நிறமாலையில் தடம் பதித்துக் குழப்புவதால் பி, இ இரண்டும் அடுத்தடுத்துக் கடக்கும் நேரங்களைப் பிடித்து, ஒன்றை வைத்து இன்னொன்றைத் திருத்தப் பார்க்கிறார்கள்.

எனவே நீங்களும் இரண்டு பிரதி எழுதுங்கள். முதல் பிரதியில் காற்றே இல்லை. பகலிலும் வானம் கறுப்பு, விண்மீன்கள் சிமிட்டாது, சத்தம் கிடையாது, இரவுப் பக்கம் கொடும் உறைவு. இரண்டாவது பிரதியில் நைட்ரஜன் காற்று, ஓரளவு கரியமில வாயு, கொஞ்சம் தண்ணீர். அப்போது தரையை ஒட்டிய காற்று குளிர்ந்த பக்கத்திலிருந்து சூடான பக்கத்துக்கு ஓடும், விண்மீன் உச்சியில் நிற்கும் இடத்தில் மேலெழும்பி மேகம் திரளும். அந்த மேகம் ஒளியைத் திருப்பி அனுப்பிச் சூட்டைத் தணிக்கும். கடல் இருந்தால் அந்த நடுப்பகுதியில் திறந்த நீர், சுற்றிலும் பனி. வானம் நம்முடையதைப் போல நீலமாக இராது. சிதறுவதற்கு நீல ஒளியே அரிது.

இந்த இரண்டாம் பிரதியில் அகலக் கால் வைக்காதீர்கள். இதே கோளுக்கு இதே காற்றைக் கொடுத்து நான்கு பெரிய காலநிலை மாதிரிகளை ஓட்டிப் பார்த்த ஒப்பீட்டுத் திட்டம் ஒன்று உண்டு. 2022இல் முடிவுகளை வெளியிட்டார்கள். மேகங்களை ஒவ்வொரு மாதிரியும் கையாளும் விதத்தால் விடைகள் வேறுபட்டன. கணினிகளே ஒத்துப்போகாத இடத்தில் நீங்கள் ‘சராசரி 12.4 டிகிரி’ என்று எழுதினால் அது போலித் துல்லியம்.

விண்மீனின் கோபத்தையும் மறக்க வேண்டாம். சுடர் வெடிப்புகள் அதில் அடிக்கடி வருகின்றன. கெப்லர் தொலைநோக்கியின் கே2 பணியில் பதிவாகியிருக்கின்றன. வெளிப்பரப்பில் உயிர் வைக்கிறீர்கள் என்றால் அதற்கு ஒளிந்துகொள்ள இடமும் வையுங்கள்.

படி 8: இப்போது புனையுங்கள்

சரி, நான்காம் பத்தியைத் திறக்கலாம். ஒரு சிறு பகுதி எழுதிப் பார்ப்போம்.

“விளிம்பு மேட்டில் அவள் ஏறி நின்றாள். விண்மீன் வழக்கமான இடத்தில்தான் இருந்தது, பாதி தொடுவானுக்கு மேலே, பாதி கீழே. முதுகில் குளிர்காற்று அடித்தது. திரும்பிப் பார்த்தாள். இருட்டுப் பக்கத் தொடுவானை ஒட்டி எஃப் முழு வட்டமாக நின்றது. மூன்று ஆண்டு ஓடிவிட்டது. பையிலிருந்த கல்லை எடுத்துப் பள்ளத்தில் நழுவவிட்டாள். அடியில் மோதிய சத்தம் மேலே வந்தது. பாறை இடுக்கில் கரும்பாசி, போன முறை பார்த்ததைவிட ஒரு விரல் அகலம் கூடியிருந்தது.”

இப்போது ஒவ்வொன்றாக அடையாளம் போடுங்கள். பாதி விண்மீன்: ஓதப்பூட்டு ஊகம், அளவு கணக்கு. முதுகுக் காற்று: இரண்டாம் பிரதியின் ஊகம். அவள் விண்மீனைப் பார்த்து நிற்பதால் குளிர்காற்று முதுகில்தான் பட வேண்டும். முகத்தில் பட்டால் தவறு. எஃப் தொடுவானை ஒட்டி நிற்பது கணக்கு: விளிம்பில் நிற்பவருக்கு விண்மீன் ஒரு தொடுவானில் என்றால் அதன் நேர் எதிர்த்திசை மறு தொடுவானில். ‘உச்சியில் முழு எஃப்’ என்று எழுதியிருந்தால் வடிவியல் உடைந்திருக்கும். மூன்று ஆண்டு: கணக்கு. சத்தம்: காற்று இருந்தால்தான். பாசி: முழுப் புனைவு, அதன் கருமை மட்டும் குறைந்த வெளிச்சத்தில் எல்லா நிறத்தையும் உறிஞ்சிக்கொள்ள வேண்டும் என்ற தருக்கத்தைச் சார்ந்தது. மேடு, பள்ளம், அவள்: புனைவு.

இந்தக் கதைப் பகுதி எங்கும் சூத்திரம் பேசவில்லை, எண்ணும் தூக்கலாகத் தெரியவில்லை. அப்படித்தான் இருக்க வேண்டும். எண்கள் உங்கள் தாளில் இருக்கட்டும், கதைக்குள் அவற்றின் விளைவு மட்டும் வரட்டும். ‘0.82 மடங்கு ஈர்ப்பில் அவள் நடந்தாள்’ என்று வாசிக்க யாருக்கும் ஆசையில்லை.

படி 9: வாசகருக்குச் சொல்லுங்கள், தேதி போடுங்கள்

கதை என்றால் முன்னுரையில் இரண்டு வரி போதும். கட்டுரையோ வகுப்புப் பாடமோ என்றால் ஒவ்வொரு வாக்கியத்திலும் வினைச்சொல்லே அடையாளத்தைச் சுமக்கட்டும்: அளந்ததற்கு ‘இருக்கிறது’, கணக்குக்கு ‘வருகிறது’, ஊகத்துக்கு ‘இருக்கக்கூடும்’, புனைவுக்கு ‘என்று வைத்துக்கொள்வோம்’. படம் வரைந்தால் படத்துக்குள்ளேயே ‘கற்பனை ஓவியம்’ என்று எழுதுங்கள். கீழே தலைப்பில் எழுதினால் பகிரும்போது வெட்டிவிடுவார்கள்.

தேதி ஏன் என்றால், எண்கள் மாறும். டிராப்பிஸ்ட்-1இல் 2016இல் மூன்றே கோள் என்றார்கள். மூன்றாவதன் கடப்புகள் என்று நினைத்தவை வேறு வேறு கோள்களுடையவை என்று மறு வருடமே தெரிந்தது. 55 கான்க்ரி இ கோளை 2012இல் வைரக் கோள் என்றார்கள். அடுத்த ஆண்டே அதன் விண்மீனில் கார்பன் விகிதம் நினைத்த அளவு இல்லை என்று இன்னோர் ஆய்வு சொன்னது. வைரம் இன்னும் பதிவுகளில் மின்னிக்கொண்டுதான் இருக்கிறது.

கடைசியாக ஒரு சோதனை. எழுதி முடித்ததும் ‘காற்று இல்லை’ என்ற முதல் பிரதியை எடுத்து, அதன்படி உங்கள் கதையில் நிற்காதவற்றை அடியுங்கள். மேலே உள்ள பகுதியில் குளிர்காற்று போகும், சத்தம் போகும், பாசி போகும். அவள் ஒரு விண்வெளி உடைக்குள் போவாள். பாதி விண்மீன், முழு எஃப், மூன்று ஆண்டுக் கணக்கு, கல் விழும் நேரம் எல்லாம் அப்படியே நிற்கும். உங்கள் கதையின் முக்கியத் திருப்பம் அடித்த பக்கத்தில் இருக்கிறதா, நின்ற பக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். அடித்த பக்கத்தில் இருந்தால் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் அடுத்த முடிவு வரும் முன்பே வெளியிட்டுவிடுங்கள், அல்லது திருப்பத்தை எஃப் கோளின் பதினெட்டு நாள் சுற்றின் மேல் நகர்த்தி வையுங்கள்.